யார்க் நதிக்கரையில் ஒரு சிதைந்த மாளிகை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை நோக்கி அகன்று பாயும் யார்க் நதியின் வடகரையில், கிளாஸ்டர் மாவட்டத்து வயல்களுக்கும் கார்ட்டர் ஓடைக்கும் இடையே, கூரையும் தளங்களும் இழந்து, நெடிய புகைபோக்கிகளையும் சில சுவர்ப் பகுதிகளையும் மட்டுமே தாங்கி நிற்கும் ரோஸ்வெல் மாளிகையின் சிதிலம், ஆங்கிலேயர் குடியேற்றக் காலத்தில் நிலமும் உத்தியோகமும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன என்பதை, அக்காலத்து அரசாங்கப் பத்திரங்களைக் காட்டிலும் தெளிவாகச் சொல்கிறது. நெட்டாகவும் குறுக்காகவும் மாறிமாறி வைத்த செங்கற்களின் வரிசை இன்றும் பிசகாமல் இருக்கிறது. சன்னல் வளைவுகளில், ஒவ்வொன்றும் தனித்தனியே இழைத்துத் தேய்க்கப்பட்டு, இடையில் மயிரிழை போன்ற சுண்ணாம்புக் கோடு மட்டுமே தெரியும்படி பொருத்தப்பட்ட சிவந்த செங்கற்களைக் காண்பவர், அந்நாளில் காடு திருத்திக் குடியேறிய தேசம் ஒன்றில் இத்தகைய வேலைப்பாட்டைக் கோரிய பிரபு யார், அவருக்கு அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் இருக்க முடியாது.

அந்தப் பிரபுவின் பெயர் மான் பேஜ். அவருடைய வம்சாவளியைத் தேடப் புகுவோருக்கு முதலில் எதிர்ப்படுவது நெருப்பு. கிளாஸ்டர் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகம் 1820-இல் எரிந்தபோது அதுவரை சேர்ந்திருந்த கிரயப் பத்திரங்களும் உயில்களும் சாம்பலாயின. அதன்பின் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று ரிச்மண்ட் நகருக்கு அனுப்பப்பட்டு, 1865 ஏப்ரலில் அந்நகர் எரிந்தபோது அங்கேயே அழிந்தது. ஆகவே இவ்வம்சத்தின் வரலாற்றை எழுதுவோர் கல்லறைக் கற்களையும், கோயில் பதிவேட்டையும், ஆலோசனை சபையின் நடவடிக்கைக் குறிப்புகளையும், சட்டசபை இயற்றிய சட்டங்களையும் சேர்த்து வைத்தே தொடர்பு காண வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் மருத்துவராக விளங்கிய ரிச்சர்ட் சானிங் மூர் பேஜ் என்பவர் 1883-இல் தம் குலத்தின் வம்சாவளியை நூலாக வெளியிட்டார். குடும்பத்துக்குள் வழங்கிய செய்திகளைத் திரட்டிய அளவில் அது பேருபகாரமான முயற்சி. ஆயினும், தன் குலத்தைத் தானே எழுதும் எவரையும் போல அவரும் கீர்த்தியை விரிவாகவும் கடனைச் சுருக்கமாகவும் சொல்லும் இயல்பினர் என்பதை மறவாமல் அதைப் படிக்க வேண்டும்.

வம்சத்தின் முதல்வர் கர்னல் ஜான் பேஜ். 1628-இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் பிறந்து, அந்நூற்றாண்டின் நடுவில் வர்ஜீனியாவுக்கு வந்து, வணிகராய்த் தொடங்கி, மக்கள் பிரதிநிதிகள் சபையிலும் பின்னர் ஆளுநரின் ஆலோசனை சபையிலும் இடம்பெற்றவர். அக்காலத்தில் அங்கே நிலம் பெறுவதற்கு ஒரு விதி இருந்தது: தன் செலவில் கடல் கடந்து ஆள் கொண்டுவருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். வந்தவர் ஒப்பந்தக் கூலியாயினும் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்டவராயினும், அவர் பெயரால் நிலம் பெற்றவர் செலவு செய்த கனவானே. நிலப் பட்டாக்களை அங்கீகரித்த ஆலோசனை சபையில் இருந்தோரும் பெரும்பாலும் அதே கனவான்களே. உத்தியோகம் நிலத்தைத் தந்தது. நிலம் மேலும் பெரிய உத்தியோகத்துக்கு ஏணியாயிற்று. இந்தச் சுழற்சியை விளங்கிக்கொள்ளாமல் வர்ஜீனியப் பிரபுக்களின் எந்தக் குடும்ப வரலாற்றையும் விளங்கிக்கொள்ள இயலாது.

ஜான் பேஜ், பிற்காலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்னும் தலைநகராக எழுந்த மிடில் பிளான்டேஷன் என்ற இடத்தில், சிலுவை வடிவில் ஒரு செங்கல் வீட்டைக் கட்டினார். அவ்வீடு பின்னாளில் தீக்கிரையாகி மண்ணில் புதைந்துபோயிற்று. அந்த இடத்தை அகழ்ந்தபோது, அவர் பெயரின் முதலெழுத்தும் மனைவி ஆலிஸின் பெயரின் முதலெழுத்தும் குலப்பெயரின் முதலெழுத்தும் 1662 என்னும் ஆண்டும் செதுக்கிய செங்கல் ஒன்று வெளிப்பட்டது. கணவனும் மனைவியுமாகத் தங்கள் பெயரை இல்லத்தின் முகப்பில் பொறித்துக்கொண்ட அதே 1662-ஆம் ஆண்டில்தான், பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியச் சபை சட்டம் இயற்றியது. அச்சட்டத்தால், ஒரு குடும்பத்தின் செல்வம் சந்ததி சந்ததியாகப் பெருகுவதும் வேறு பல குடும்பங்களின் விலங்கு சந்ததி சந்ததியாகத் தொடர்வதும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்களாயின.

ஆலிஸ் அம்மையாரைப் பற்றி ஒரு செய்தி மறக்க முடியாதது. 1676-இல் நத்தானியேல் பேக்கன் ஆளுநர் பெர்க்லிக்கு எதிராகக் கலகம் செய்து ஜேம்ஸ்டவுனை முற்றுகையிட்டபோது, தம் ஆட்கள் அரண் எழுப்பி முடியும்வரை எதிரிகள் சுடாதிருக்கும்பொருட்டு, ஆளுநர் பக்கம் நின்ற பிரமுகர்களின் மனைவியரைப் பிடித்துவந்து மண்மேட்டின்மேல் நிறுத்தினார். வெண்ணிற மேலுடுப்பு அணிந்து அங்கே நின்ற பெண்களுள் ஆலிஸ் பேஜும் ஒருவர். உத்தியோகத்தின் பயனைக் கணவன் பெற, அதன் அபாயத்தை மனைவி தாங்கிய அந்தச் சில மணி நேரம் குடும்ப நூல்களில் ஒரு வரியாக நிற்கிறது. கணவர் புரூட்டன் கோயிலுக்கு 1678-இல் நிலம் அளித்ததும், மகன் மாத்யூவுக்குச் சமய உபதேசமாக ஒரு நூலே எழுதி வைத்ததும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

மகன் மாத்யூ தந்தையின் வழியிலேயே ஆலோசனை சபை உறுப்பினரானார். 1693-இல் அரச சாசனம் பெற்ற வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் முதல் தர்மகர்த்தாக்களில் ஒருவருமானார். எனினும் வம்சத்தின் ஐசுவரியத்தைத் தீர்மானித்தது அவருடைய விவாகம். கிளாஸ்டரில் டிம்பர்நெக் என்னும் பண்ணையின் உரிமையாளரான ஜான் மான் என்பவரின் வாரிசு மேரி மான். அவரை மணந்ததால் யார்க் நதிக்கரை நிலங்கள் பேஜ் குலத்துக்கு வந்தன. தாயின் குலப்பெயர் அழியாதிருக்கும்பொருட்டு மகனுக்கு மான் என்றே பெயரிட்டார்கள். அப்பெயர் அதன்பின் தலைமுறைதோறும் தொடர்ந்தது.

அந்த நிலங்களின் முற்கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரோஸ்வெல்லிலிருந்து சிறிது தூரத்தில், அதே நதியின் கரையில், பர்டன் விரிகுடாவில்தான் வெரோவோகோமோகோ என்னும் ஊர் இருந்தது. பூர்வகுடிகளின் பேரரசர் பவ்ஹாட்டனின் தலைநகரம் அது. கேப்டன் ஜான் ஸ்மித் 1607-இல் சிறைப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டது அங்கேதான். 1646-இல் செய்த உடன்படிக்கை யார்க் நதிக்கு வடக்கேயுள்ள நாட்டைப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிற்று. மூன்றே ஆண்டுகளில் அதே நாடு ஆங்கிலேயர் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பேஜ் குலத்துக்கு வாரிசுரிமையாக வந்தவை, ஆங்கிலேயர் தாமே எழுதிய வாக்கை மீறி எடுத்துக்கொண்ட நாட்டின் நிலங்கள்.

மான் பேஜ் 1691-இல் பிறந்தார். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்றுத் திரும்பினார். 1714-இல், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிலேயே, ஆலோசனை சபையில் அமர்ந்தார். முதலில் மணந்தது காலனியின் செயலாளர் ரால்ஃப் வார்ம்லியின் மகள் ஜூடித்தை. அவர் 1716-இல் இறந்தபின் மணந்தது, செல்வப் பெருக்கால் 'கிங்' என்றே அழைக்கப்பட்ட ராபர்ட் கார்ட்டரின் மகள், அவர் பெயரும் ஜூடித். முன்பிருந்த வீடு 1721-இல் எரிந்துபோக, 1725-இல் புதிய மாளிகைக்குக் கால்கோள் செய்தார். உயர்ந்த நிலவறையின்மேல் மூன்று அடுக்குகள், ஈயத் தகடு வேய்ந்த கூரை, அதன்மேல் நதியைப் பார்க்க இரண்டு எண்கோண மாடங்கள், சலவைக்கல் பாவிய கூடம், செதுக்கு வேலை நிறைந்த அகன்ற மாடிப்படி என விரிந்த அந்தத் திட்டம், வில்லியம்ஸ்பர்க்கில் சற்று முன்னர் கட்டி முடிக்கப்பட்ட ஆளுநர் மாளிகையையும் மிஞ்சியது. அரசனின் பிரதிநிதி வசிக்கும் இல்லத்தைவிடப் பெரிய இல்லத்தை ஒரு பிரஜை எழுப்பத் துணிந்தார் என்றால், அந்தப் பிரபுக்கள் தங்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மாளிகை முடிவதற்கு முன்பே, 1730 ஜனவரி 24 அன்று, தம் நாற்பதாவது பிராயத்தில் மான் பேஜ் காலமானார். அவருடைய சலவைக்கல் சமாதி, ரோஸ்வெல்லின் குடும்ப இடுகாட்டிலிருந்து பிற்காலத்தில் பெயர்க்கப்பட்டு, இன்று அபிங்டன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. அதன்மேல் பொறித்த சாசனம் வம்சாவளி ஆராய்வோருக்கு ஒரு பொக்கிஷம்: தந்தை யார், இரு மனைவியர் எவரெவருடைய மகள்கள், முதல் மனைவிக்கு இரு புதல்வரும் ஒரு புதல்வியும், இரண்டாம் மனைவிக்கு ஐந்து புதல்வரும் ஒரு புதல்வியும் என்று எரிந்துபோன பத்திரங்கள் சொல்லியிருக்கக் கூடியவற்றையெல்லாம் அந்தக் கல் சொல்கிறது. பதவியை நேர்மையோடு வகித்தார், அன்பான கணவர், கனிவான தந்தை, சாந்தமான எஜமானர் என்று அவர் மனைவி எழுதச் செய்திருக்கிறார். கணவர், தந்தை என்ற சொற்களுக்கு அம்மையாரே சாட்சி. எஜமானர் என்பதற்குச் சாட்சி சொல்லத் தக்கவர்களை எவரும் கேட்கவில்லை.

மாளிகையை முடித்தவர் அவருடைய மகன், அதே பெயருடைய இரண்டாம் மான் பேஜ். வீட்டோடு சேர்ந்து கடனும் அவருக்கு வந்தது. இங்கிலாந்து வணிகர்கள் புகையிலையை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தார்கள்; புகையிலையின் விலையோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது; அடிமைகளும் அசையும் பொருள்களும் எல்லாம் சேர்ந்தாலும் தந்தையின் கடனுக்குப் போதாத நிலை ஏற்பட்டது. நிலத்தை விற்கலாமென்றால், மூத்த மகன் வழியே மட்டும் செல்ல வேண்டும், விற்கலாகாது என்று அது கட்டப்பட்டிருந்தது. ஆகவே 1744-இல் அவர் சபையின் முன் விண்ணப்பித்து, 27,000 ஏக்கரை விற்பதற்குத் தனிச் சட்டமே பெற வேண்டியதாயிற்று. குலம் என்றும் நிலைக்கட்டும் என்று போட்ட கட்டை, அந்தக் குலத்தின் கௌரவத்துக்காக எழுப்பிய வீடே அவிழ்க்கச் செய்தது. இவ்வகைக் கட்டுகள் அனைத்தையும் வர்ஜீனியாவில் 1776-இல் நீக்கிய சட்டத்தைக் கொணர்ந்தவர் தாமஸ் ஜெபர்சன். அவருடைய உற்ற நண்பர் இரண்டாம் மான் பேஜின் மகன் ஜான் பேஜ்.

ஜான் பேஜ் 1743-இல் பிறந்து, வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜெபர்சனோடு பயின்று, புதிய தேசத்தின் முதல் காங்கிரஸில் உறுப்பினராகி, 1802 முதல் 1805 வரை வர்ஜீனியாவின் ஆளுநராகவும் இருந்தவர். அவருடைய பொதுவாழ்வு எல்லா நூல்களிலும் கிடைக்கும். அதைவிட எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுவது, முதுமையில் தம் இளமையை நினைந்து அவர் எழுதிய கடிதத்தில், தமக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பித்தவர் பாட்டி என்றும், தாம் அறிந்த பெண்களுள் மிகுந்த விவேகமும் ஞானமும் உடையவர் அவரே என்றும் குறித்திருப்பதுதான். கல்லறையில் கணவரின் புகழை எழுதச் செய்த அதே ஜூடித் அம்மையாரைக் கல் 'துயருற்ற மனைவி' என்ற அளவில் விட்டுவிட, பேரனின் நன்றியே அவருக்கு உருவம் தந்திருக்கிறது.

ஆளுநரின் மறைவுக்குப் பின் குடும்பம் நெடுநாள் தாங்கவில்லை. 1830களின் இறுதியில் மாளிகை பிறர் கைக்கு மாறி, கூரையின் ஈயமும் அறைகளின் மரப்பலகைகளும் கழற்றி விற்கப்பட்டன. இரண்டாம் மான் பேஜ் பிரெட்ரிக்ஸ்பர்க் அருகே கட்டிக்கொண்ட மான்ஸ்ஃபீல்ட் மாளிகை 1863-இல் போர்க்காலத்தில் எரிந்தது. ரோஸ்வெல் 1916 மார்ச் 24 அன்று எரிந்தது. 1950களின் பிற்பகுதியில் ஐவர் நோயல் ஹ்யூம் என்னும் தொல்லியலாளர் மாளிகையின் அருகே ஒரு குப்பைக் குழியை அகழ்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வீட்டார் உடைத்தெறிந்த மதுப்புட்டிகளையும் பீங்கான்களையும் மட்பாண்டங்களையும் எடுத்து ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை 1962-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. கல்லிலும் பத்திரத்திலும் இடம்பெறாத அன்றாட வாழ்வு அந்தக் குழியிலிருந்துதான் வெளிவந்தது.

பிரபுக்களின் வம்சாவளியை எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் பேனாவை வைத்துவிடுகிறார்கள், அது நியாயமன்று. தீயிலிருந்து தப்பிய அபிங்டன் கோயிலின் பழைய பதிவேட்டில், பிரபுக்களின் குழந்தைகளோடு அவர்களுடைய அடிமைகளின் குழந்தைகளும் எழுதப்பட்டிருக்கிறார்கள். குலப்பெயர் இல்லை; ஒற்றைப் பெயரும், இன்னாருக்குச் சொந்தம் என்ற குறிப்பும் மட்டுமே. 1705-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை நிலத்தைப் போல அசையாச் சொத்தாக வகுத்துவிட்டபடியால், அவர்கள் வரலாற்றைத் தேடும் சந்ததியார் தம் முன்னோரைக் காண்பதற்கும் எஜமானரின் வம்சாவளியையே முதலில் கற்க வேண்டியிருக்கிறது. எந்த உயிலில் யார் பாகத்துக்குப் போனார்கள், எந்தக் கடனுக்காக எங்கே விற்கப்பட்டார்கள் என்பது பேஜ் குலத்தின் விவாகங்களையும் மரணங்களையும் அறிந்தால்தான் புலப்படும். இந்தக் காரணத்தாலேயே ஒரு நிலப்பிரபுவின் குடும்ப வரலாற்றைத் துருவித் துருவி ஆராய்வது வீண் வேலை ஆகாது.

ரோஸ்வெல்லைக் காணச் செல்லும் வாய்ப்பு உள்ளவர்கள் சுவர்களைப் பார்த்ததோடு திரும்பிவிடலாகாது. அபிங்டன் கோயிலுக்குச் சென்று மான் பேஜின் சாசனத்தைப் படியுங்கள். பின்னர், அச்சில் கிடைக்கும் அக்கோயிலின் பதிவேட்டை எடுத்து, அந்த மாளிகைக்காக உழைத்தவர்களின் குழந்தைகளுடைய பெயர்களையும் படியுங்கள்.