எனக்கு எங்கே ரிப்போர்ட்?

கல்யாணமாகி நாலு வருஷம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல பார்க்கிற நம்மூர்க்காரங்க எல்லாரும் "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னு தங்கமணியைத்தான் கேப்பாங்க. மலை மந்திர் படியேறி சஷ்டி விரதம் இருந்தது அவங்க. ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அவங்களுக்கே. எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு வலியில ஆட்டோவுல பேசவே இல்லை.

எனக்கு? ஒண்ணுமே இல்லை. புதுசா பார்த்த டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிட்டு, "இவரோட விந்துப் பரிசோதனை எங்கே?"ன்னாங்க.

ரெண்டு நாளாவது விலகி இருந்துட்டு (ஏழு நாளுக்கு மேல கூடாது) ஒரு டப்பாவுல கொடுக்கணும். அவ்வளவுதான். கூச்சத்தோட கொடுத்தேன். ஒரு மில்லியில 60 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல கீழ் எல்லை 1.6 கோடி. "ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது. விந்தணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும், நடுவுல காய்ச்சல் வந்தாலே குறையும்"னு மறுபடி எடுக்கச் சொன்னாங்க. மறுபடியும் குறைவு.

யூராலஜிஸ்ட் நிக்க வச்சு, முக்கச் சொல்லி, விரலால தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் வெரிகோசீல், அதாவது விதைக்கு மேல ரத்தக்குழாய் புடைப்பு. நூத்துல 15 ஆம்பளைங்களுக்கு இருக்குமாம், எல்லாருக்கும் தொந்தரவு தராதாம். கண்டுபிடிக்க ரெண்டே நிமிஷம்!

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் பண்ணி, "குறை எங்கிட்டம்மா"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவகிட்ட போனைக் குடு"ன்னாங்க.