பாதி டேங்க் டீசல்

பேரிலேயே குளம் இருக்கிறது என்றாலும், தல்லாகுளத்துக்காரனுக்கும் படகுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வைகை. அதில் அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அதே சித்திரையில்தான், நம் கிழக்குக் கடலில் விசைப்படகு இறங்கக் கூடாது என்று சட்டம். மீன்களின் இனப்பெருக்கக் காலம். 2001-ல் 45 நாள் என்று ஆரம்பித்த தடை, 2017-லிருந்து 61 நாளாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

அறுபத்தோரு நாள் படகு சும்மா நிற்கும். சரி, அதன் டேங்குக்குள் இருக்கிற டீசல்? அதுவும் சும்மாவா இருக்கும்?

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவன் என்னோடு பி.காம். படித்த ராமேஸ்வரத்து நண்பன். நான் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளுகிறேன். அவன் அப்பாவோடு சேர்ந்து ஒரு விசைப்படகுக்குச் சம்மாட்டி. படகு முதலாளியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். போன வருஷம் ஜூன் முதல் வாரம் போன் பண்ணினான்.

"மாப்ள, டேங்க்ல ஒரு 200 லிட்டர் பழைய டீசல் கெடக்கு. அது மேலயே புதுசை ஊத்தி ஓட்டலாமா? டிரைவர் வேணாங்கறாரு. அப்பா காசைக் கடல்ல கொட்டாதேங்கறாரு."

"இதை ஏண்டா எங்கிட்ட கேக்கறே?"

"நீதானே காலேஜ்ல ஸ்டாக் வேல்யுவேஷன் நல்லாப் போடுவே!"

சிரிக்காதீர்கள். விஷயம் அதேதான். அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபிஃபோ என்றால் முதலில் வந்த சரக்கு முதலில் போகும். லிஃபோ என்றால் கடைசியில் வந்தது முதலில் போகும். நம் நாட்டு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 2, லிஃபோவை 1999-லேயே கைகழுவிவிட்டது. ஆனால் டீசல் டேங்க் எந்த ஸ்டாண்டர்டையும் மதிக்காது. பழசின் மேல் புதுசை ஊற்றினால் இரண்டும் கலந்து நிற்கும். பழசு கெட்டிருந்தால் புதுசும் சேர்ந்து கெடும்.

இன்னொரு விதியும் உண்டு. கையிலிருக்கும் சரக்கை வாங்கின விலைக்கோ, இன்றைக்கு விற்றால் தேறும் விலைக்கோ, எது குறைவோ அதற்குத்தான் மதிப்பிட வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 200 லிட்டர் 18,000 ரூபாய். இது அப்பாவின் கணக்கு. இரண்டு மாசம் வருமானமே இல்லாமல், படகைக் கரையேற்றி மராமத்து பார்த்து, பெயிண்ட் அடித்து, வலை வாங்கக் கடனும் வாங்கியிருக்கிற மனுஷருக்கு 18,000 ரூபாய் சின்னத் தொகையா? டிரைவரின் கணக்கு வேறு. இப்போது அந்த டீசலுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார் அவர்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போய் இறங்கினேன். டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் செய்த முதல் காரியம், டேங்கின் அடியிலிருக்கிற குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய டீசலைப் பிடித்ததுதான். "ராத்திரி பூரா ஆடாம இருக்கட்டும் தம்பி. காலைல அதுவே பேசும்" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

காலையில் பேசியது. பாட்டிலின் அடியில் இரண்டு விரல்கடைக்குத் தண்ணீர். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் பாசி மாதிரி பழுப்பாக ஒரு படலம். அதற்கு மேலே இருந்த டீசல் மட்டும் தெளிவாகத்தான் இருந்தது.

மூடின டேங்குக்குள் தண்ணீர் எப்படி வந்தது? யாரும் ஊற்றவில்லை. டேங்கே மூச்சு விட்டு இழுத்த தண்ணீர் அது. பாதி டேங்க் டீசல் என்றால் மீதிப் பாதி காற்று. பகல் வெயிலில் அந்தக் காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரமான கடற்காற்றை உள்ளே இழுக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகக் கோக்குமே, அதே மாதிரி டேங்கின் உள்சுவரில் ஈரம் கோத்துச் சொட்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம். அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த தண்ணீர் சும்மா இருக்காது. அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். குடியிருக்கத் தண்ணீர், சாப்பிட டீசல்! 1960-களில் விமானங்களின் எரிபொருள் டேங்குகளிலேயே இந்தப் பூஞ்சைகள் பெரிய தலைவலியாக இருந்திருக்கின்றன. அந்தப் பழுப்புப் படலம் இவர்கள் குடும்பம்தான். இது போதாதென்று, டீசல் காற்றோடு சேர்ந்து தானாகவே நிறம் கறுத்துப் பிசினும் வண்டலும் சேர்க்கும். நன்றாக மூடி, வெயில் படாமல் வைத்தால் டீசல் ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாசம் ஒரு வயதே இல்லை. நண்பனின் டீசலைக் கெடுத்தது வயதல்ல, பாதி டேங்க்.

"அடியில கெடக்கறது அடியிலயே கெடந்துட்டுப் போகட்டுமே?" என்றான் நண்பன்.

"ஜெட்டில நிக்கறப்ப கெடக்கும் தம்பி. அலையில படகு ஆடுனா?" என்றார் டிரைவர்.

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கரையில் நிற்கும்போது படகு நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். நடுக்கடலில் குலுங்கும்போதுதான் அடியிலிருந்த அத்தனையும் கலங்கி ஃபில்டருக்கு வந்து அடைக்கும். ஃபில்டரைத் தாண்டிய தண்ணீர் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் துருப்பிடிக்க வைக்கும். என்ஜின் இருமும், நிற்கும்.

ரோட்டில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். ராமேஸ்வரம் கடலில் என்ஜின் நின்றால் காற்றும் நீரோட்டமும்தான் தள்ளும், அவற்றுக்கு இஷ்டமான திசையில். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவிலே 1974-லும் 1976-லும் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு வகுத்த எல்லைக்கோடு. தண்ணீரில் கோடு தெரியாது. ரோந்து வருகிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். என்ஜின் பழுதாகி மிதந்து வந்தோம் என்பதை அங்கே நிரூபிப்பதற்குள் ஆட்கள் சிறையில் இருப்பார்கள். பிடிபட்ட படகு ஊர் திரும்புவது அபூர்வம். 18,000 ரூபாய் டீசலை மிச்சம் பிடிக்கப் போய், பல லட்ச ரூபாய்ப் படகையும் ஐந்தாறு குடும்பத்து ஆட்களையும் பணயம் வைக்கிற வியாபாரம் எந்த பாலன்ஸ் ஷீட்டில் டாலி ஆகும்?

அப்பா ரொம்ப நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எல்லாத்தையும் எடுத்துருங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எல்லாமே நஷ்டமாகிவிடவில்லை. அடியிலிருந்த கலங்கல் முப்பது லிட்டர் போல இருந்தது. அதைக் கடலிலோ மணலிலோ கொட்டாமல், கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுத்தார்கள். தெளிந்த டீசலை வடிகட்டிப் பேரலில் விட்டு, மறுபடியும் பாட்டில் பரீட்சை வைத்ததில் பாஸ். டேங்கைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டர்களை மாற்றினார்கள். பழசை நிறையப் புதுசோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். படகை ஜெட்டியில் கட்டியபடியே ஒரு மணி நேரம் என்ஜினை ஓட்டிப் பார்த்த பிறகுதான் டிரைவர் தலையை ஆட்டினார். ஸ்பேர் ஃபில்டர் இரண்டை அவரே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஆக, பழைய டீசலைப் போடலாமா என்றால், தேதியைப் பார்க்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள். தெளிவாக, தண்ணீர் இல்லாமல் இருந்தால் புதுசோடு கலந்து ஓட்டலாம். தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பாசி கட்டியிருந்தால் டேங்கைக் கழுவாமல் கடலுக்குப் போகவே வேண்டாம். தடைக்காலம் வருமுன் டேங்கை வழிய நிரப்புங்கள், இல்லாவிட்டால் சுத்தமாகக் காலி செய்யுங்கள். பாதி மட்டும் ஆகாது.

வள்ளத்தில் பெட்ரோல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கெடு இன்னும் கம்மி. பெட்ரோலில் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிவிடும், மிச்சம் பிசின். மூடி வைத்தாலும் மூன்றிலிருந்து ஆறு மாசம்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். என்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே? கேன் கேனாக வீட்டில் சேர்த்து வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்க 1934-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் தராது. தீப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிற வீட்டில் அந்த 30-ம் எதற்கு?

"எனக்கேது சார் படகு? ஆபீஸ் போகிற பைக்தான்" என்கிறீர்களா? 2020 லாக்டவுன் முடிந்து, இரண்டு மாசமாக நின்ற பழைய கார்ப்பரேட்டர் பைக்கை உதைத்து உதைத்துக் கால் வீங்கினவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கோரிப்பாளையத்தில் நடுரோட்டில் வண்டி நின்றால், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தே உங்களை ஓரங்கட்டிவிடுவார்கள். கடலில் ஹாரன் அடிக்கக்கூட ஆள் கிடையாது.