கரைக்குக் கீழே ஊர்

ஆடி 19, காலை, கும்பகோணம்

நேற்று பதினெட்டாம் பெருக்கு. காவிரிப் படித்துறையெல்லாம் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் சித்திரான்னமும்தான். கூட்டம் வடிந்ததும் இன்று காட்டுமன்னார்கோவில் பஸ் ஏறிவிட்டேன், தனியாக. வீராணம் ஏரியைப் பார்க்க வேண்டும். கல்கி 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில், இதே ஆடிப் பெருக்கன்றுதான் வந்தியத்தேவன் அந்த ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். 2022இல் படமும் வந்துவிட்டது. ஆசை எனக்கு மட்டும் இருக்குமா?

நண்பகல், லால்பேட்டை

சுமார் 14 கிலோமீட்டர் நீள ஏரி. ஆனால் ஊருக்குள் நின்றால் ஒரு சொட்டு கண்ணில் படவில்லை. தெரு முடிகிற இடத்தில் மண்மேடு, அதுதான் கரை. ஏறிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர், ஓரமெல்லாம் காட்டாமணக்கு, எதிர்க்கரை வெயிலில் மங்கல். படகு இல்லை, ஒதுங்க நிழலில்லை. பத்து நிமிஷத்தில் பார்க்க வேண்டியது தீர்ந்துபோயிற்று.

டீக்கடைக்காரரிடம், “வேற என்னண்ணே பாக்கலாம்?” என்றேன்.

“பாக்க என்ன தம்பி இருக்கு? தண்ணி கெடக்கு. அதுவே பெருசு. கோடையில வந்திருந்தா உள்ள மாடு மேஞ்சுக்கிட்டிருக்கும்.”

மாலை

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கரைமேல் நடந்தேன். ஒரு மதகு. சம்பாவுக்கு இன்னும் திறக்கவில்லை. ஷட்டரைத் தூக்கும் திருகுக்கம்பியில் கறுத்த கிரீஸ், பூட்டுச் சங்கிலி. கீழே கசிந்த தண்ணீரில் பையன்கள் துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம், அதைவிடத் தாழ்வாக, வயல்கள். அப்போதுதான் உறைத்தது. ஊரிலிருந்து ஏரி தெரியாததுதான் இங்கே கணக்கு. தண்ணீர் மேலே நின்றால்தானே மதகைத் திறந்ததும் தானாகப் பாயும்? 44,856 ஏக்கர் இப்படித்தான் விளைகிறது. மேட்டூரில் திறந்தது கல்லணை, கொள்ளிடம் வழியாக அணைக்கரைக்கு வந்து, 1836இல் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாற்றில் இறங்கி இங்கே சேர்கிறது. டெல்டாவின் இந்தக் கடைமடைக்கு இதுதான் களஞ்சியம்.

ஆடி 20, காட்டுமன்னார்கோவில்

காலையில் வீரநாராயணப் பெருமாள் சேவை. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். வீராணமோ சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி, ஆயிரம் ஆண்டைத் தாண்டியும் வேலையில் இருக்கிறது. 2004 முதல் சென்னைக்கும் குழாயில் குடிநீர் அனுப்புகிறது. அந்தத் தண்ணீரைச் சென்னையில் குடித்திருக்கிறேன். ஊர் எதுவென்று கேட்டதில்லை.

பார்க்கப் போனால் சப்பென்றுதான் இருக்கிறது, மறைப்பானேன்? அதற்காகப் படகுத்துறை, செல்பி மேடை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். செலவழிக்கப் பணமிருந்தால் ஏரியைத் தூர்வாரட்டும்.