சிறுவர் நன்னடத்தை அலுவலர்

மக்கள் மேற்கொள்ளும் தொழில்களுள் சில யாவர் கண்ணுக்கும் புலனாவன. சில அருகிருப்பார்க்கும் புலனாகாதன. மருத்துவரை நோயுற்றபோதும், வழக்கறிஞரை வழக்கு நேர்ந்தபோதும், ஆசிரியரைப் பள்ளியிலும் அறிகின்றோம். ஆயின், சட்டத்தொடு முரண்பட்ட ஒரு சிறுவனின் வீட்டு வாயிலில் வந்து நின்று, அவன் எவ்வாறு வளர்ந்தான், இனி எவ்வாறு வாழ்தல் கூடும் என்று ஆராயும் அலுவலர் ஒருவர் உளர் என்பதனை நம்மிற் பலர் கேட்டதும் இலர். அவரே நன்னடத்தை அலுவலர். அவருடைய பணியினையும் பொறுப்பினையும், துவாக்குடியில் யாம் கண்டும் கேட்டும் அறிந்த அளவில், நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இப்பணி முதலில் அரசாங்கத்தாரிடம் தோன்றியதன்று. காலணி செய்யும் தொழிலாளி ஒருவரிடம் தோன்றியது. 1841-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில், குடிவெறிக்காகத் தண்டனை பெறவிருந்த ஒருவனை ஜான் அகஸ்டஸ் என்பார் தம் பொறுப்பில் பிணையெடுத்தார். மூன்று வாரம் கழித்து அவன் தெளிந்த முகத்தொடு வந்து நிற்கக் கண்ட நீதிபதி, ஒரு சென்ட்டும் வழக்குச் செலவும் மட்டுமே தண்டமாக விதித்தார். 1859-இல் இறக்குமுன் அகஸ்டஸ், சிறுவர் உள்ளிட்ட ஏறத்தாழ ஈராயிரவர்க்கு இங்ஙனம் பிணை நின்றார். இங்கிலாந்தில் 1876 முதல் மதுவிலக்குச் சங்கம் ஒன்று அனுப்பிய மிஷனரிமார் போலீஸ் நீதிமன்றங்களில் இத்தொண்டினை ஆற்றினர். 1907-இல் இயற்றப்பட்ட சட்டம் இதனை முறையான அலுவலாக்கியது. நம் நாட்டிற் சிறுவர்க்கெனத் தனிச்சட்டம் முதன்முதற் கண்ட மாகாணம் சென்னையே. 1920-இல் சென்னைச் சிறுவர் சட்டம் பிறந்தது. வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும் அதனைப் பின்பற்றின. பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவாக 1986-இலும், 2000-இலும், 2015-இலும் சிறார் நீதிச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. இவற்றுள் இறுதியாயது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவலர் பிடிப்பின், காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைத்தலாகாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும். குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப்பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். அங்கே உயர்ந்த மேடையில்லை, சாட்சிக்கூண்டில்லை. பிடிபட்ட செய்தி பெற்றோர்க்கு அறிவிக்கப்படும்போதே நன்னடத்தை அலுவலர்க்கும் அறிவிக்கப்படும். சிறுவன் முதன்முதல் குழுமத்தின் முன் வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் அவனது வாழ்க்கைப் பின்னணியை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தல் அவ்வலுவலரின் முதற்கடமை. குடும்பம், வருவாய், உடல்நலம், கல்வி, தோழமை, பழக்கவழக்கம், அவன் பிறர்க்குச் செய்த தீங்கு, பிறர் அவனுக்குச் செய்த தீங்கு ஆகிய யாவும் அதில் இடம்பெறும். குழுமம் தன் முடிவினைக் காண்பதற்குமுன் அவ்வறிக்கையைக் கருதுகின்றது. அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவதோ, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதோ, மூன்றாண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைப்பதோ என்பது அத்தாள்களைப் பெரிதும் சார்ந்தது. ஒரு சிறுவனின் மூன்றாண்டுகள் ஒருவரது எழுதுகோலின் முனையில் நிற்கின்றன என்றால் மிகையாகாது.

இனித் துவாக்குடிக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சை செல்லும் பெருவழியில் உள்ளது இவ்வூர். 1960-களில் திருவெறும்பூரை அடுத்துப் பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் வட்டாரப் பொறியியற் கல்லூரி தோன்றி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாய் விளங்குகின்றது. கொதிகலனுக்கு வேண்டும் உறுப்புக்களைச் செய்து தரும் சிறு பட்டறைகள் சிட்கோ தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பெருகின. ஆலைக்கு வேலையாணை மிகுந்தால் பட்டறைகள் இரவும் பகலும் இயங்கும், குறைந்தால் கதவடைக்கும். கதவடைத்த பட்டறையின் தொழிலாளி வீட்டில் அடுப்பும் அணையும். நாட்டின் பல திசைகளினின்றும் தேர்ந்தெடுத்த மாணவர் பொறியியல் பயிலும் மதிலுக்கு வெளியே, அவர்க்கு இரண்டு மூன்றாண்டு இளைய சிறுவர் பள்ளியை விட்டு வெல்டிங் பட்டறையில் எடுபிடி வேலைக்கு நிற்பதனைக் காண்கின்றோம். இவ்விரு சாராரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பர், ஒருவரையொருவர் அறியார்.

யாம் எம் வீட்டுத் திண்ணையில் மாலைப்பொழுதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகின்றோம். அவர்களுள் ஒருவன், பதினாறு வயதினன், பூட்டிக்கிடந்த பட்டறையொன்றில் இரவிற் புகுந்து செப்புக்கம்பி எடுத்தனன் என்று பிடிபட்டான். உடன்சென்ற இருவரும் வயதில் மூத்தவர். அவன் பெயரையும், தெருவையும், பள்ளியையும் யாம் கூறோம். அடையாளம் காணத்தக்க பிறவற்றையும் மாற்றியே எழுதுகின்றோம். இத்தகைய சிறுவனை உலகுக்கு அடையாளங் காட்டுதலைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கின்றது. அது தடுக்காவிடினும் அறம் தடுக்கும்.

அவன் திருச்சிக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த நாட்களில், ஒரு மாலை, அம்மையார் ஒருவர் தோளிற் பையோடு எம் திண்ணைக்கு வந்தார். தாம் நன்னடத்தை அலுவலர் என்று கூறி, சான்று அட்டையைக் காட்டி, பிள்ளைகள் அனைவரும் சென்றபின்னரே பேசத் தொடங்கினார். “ஐயா, அவன் உங்களிடம் எத்தனை நாள் படித்தான்? எந்த நேரத்தில் வருவான்? வரும்போது உண்டிருப்பானா? அவனை அழைத்துப்போக யார் வருவார்? யாரைக் கண்டால் அஞ்சுவான்? எதில் வல்லவன்?” என்று ஒவ்வொன்றாய் வினவினார். யாம் அறிந்தவற்றைக் கூறினோம். கையில் கிரீசுக் கறையோடு தாமதித்தே வருவான். தங்கையை முதலில் அமர்த்திப் பின்னரே தான் அமர்வான். அளவுக் கணக்கில் வல்லவன். ஆடி மாதத்தில் தந்தையின் பட்டறை மூடியபின் வருவதை நிறுத்தினான். அம்மையார் யாவற்றையும் எழுதிக்கொண்டார். திருட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலர்.

எமக்கு வியப்பாயிற்று. “அம்மா, குற்றத்தைக் குறித்து ஒன்றும் வினவவில்லையே?” என்றோம். “அதைக் காவலர் எழுதிவிட்டார், ஐயா. அவர் எழுதாதவற்றை எழுதவே நான் வந்தேன்” என்றார் அவர்.

அவர் அச்சிறுவனுக்காகப் பரிந்து பேசவே வந்தவர் என்று எண்ணினோம். அது முழுதும் உண்மையன்று. ஊரார் பலர், “அவனை நெடுநாள் உள்ளே வையுங்கள்” என்று அவரிடம் கூறியிருந்தனர். வீட்டுக்காரர் குடும்பத்தைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார். அம்மையார் அவற்றையும் குறித்துக்கொண்டார். அம்மூத்தவர்களோடு அவன் அதற்கு முன்னரும் இருமுறை இரவில் வெளியிற் சென்றிருந்ததனைத் தாயே அழுதுகொண்டு கூறினாள். “இதை எழுதாதீர்கள், அம்மா” என்று அவள் வேண்டியபோது, “எழுதத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் எழுதமாட்டேன்” என்று அம்மையார் விடையிறுத்தார் என அத்தாயே பின்னர் எம்மிடம் கூறினாள். உள்ளதை மறைப்பின் குழுமம் அடுத்த அறிக்கையை நம்பாது. அப்பொழுது கெடுவது அடுத்த சிறுவனின் வாழ்வு. நன்னடத்தை அலுவலர் சிறுவனின் வழக்கறிஞருமல்லர், காவலரின் துணைவருமல்லர். அவ்விருவர்க்கும் இடையே தனித்து நிற்றலே அவருடைய பொறுப்பின் அருமை.

திருவள்ளுவர் அரசியல் கூறுமிடத்து, செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்பவற்றின் பின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை வைத்து, அதனையடுத்து ஒற்றாடலை வைத்துள்ளார். நீதி, அஞ்சச் செய்யாமை, இரக்கம், மறைந்தன அறிதல் ஆகிய இவை அந்நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. அம்மையாரின் பையிலிருந்த அத்தாள்களைக் கண்டபோது இவ்வைப்பு முறை எம் நினைவுக்கு வந்தது. மறைந்ததனை அறியும் கூர்மையின்றி இரக்கம் மட்டும் உடையார் ஏமாற்றப்படுவர். இரக்கமின்றிக் கூர்மை மட்டும் உடையார் சிறுவனின் வாயைத் திறப்பித்தல் அரிது.

வீடு திரும்புதல் ஒரு சிறுவனுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்குத் துன்பமான சான்றொன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2022 டிசம்பர் இறுதியில், செங்கற்பட்டில் உள்ள அரசினர் இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடியுண்டு உயிர் துறந்தான். அவன்மேற் கூறப்பட்டதும் திருட்டுக் குற்றமே. இல்ல ஊழியர் பலர் கைதாயினர். 2023-இல் அரசு, இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய்ந்து திருத்தம் கூறுமாறு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒருநபர்க் குழுவாக அமர்த்தியது. இல்லங்கள் யாவும் அத்தகையன அல்ல. அன்புடையோர் நடத்துவனவும் உள. எனினும், சிறுவனைக் குடும்பத்தொடு சேர்த்தலே முதல் நோக்கம், இல்லத்தில் வைத்தல் வேறு வழியில்லாவிடத்தே என்று சட்டம் தன் பொதுநெறிகளுள் ஒன்றாகக் கூறுவதன் பொருளை அம்மரணம் நமக்கு உணர்த்துகின்றது.

குழுமம் எம் மாணவனைத் தாயின் பொறுப்பில், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. பலர் அத்தோடு அலுவலரின் பணி முடிந்ததென எண்ணுவர்; உண்மையில் அதன் கடினமான பகுதி அப்பொழுதே தொடங்குகின்றது. மாதந்தோறும் வீடு காணல், பள்ளியிலோ பயிற்சியிடத்திலோ விசாரித்தல், தீய தோழமை தொடர்கின்றதா என நோக்கல், குழுமத்துக்கு அறிக்கை அனுப்பல் ஆகிய அனைத்தும் அவர்க்குரியன. இச்சிறுவன் ஒருவனே அவர் பொறுப்பில் இருப்பவனுமல்லன். மணப்பாறையில் ஒருவன், துறையூரில் ஒருவன், முசிறியில் ஒருத்தி என்று மாவட்டம் முழுதும் பேருந்திற் செல்ல வேண்டுமென அவரே ஒருமுறை கூறினார்.

சிறுவன் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிற் சேர்ந்தான். மூன்றாம் மாதத்தில் அங்குச் செல்வதை நிறுத்திவிட்டான். தாய்க்கும் கூறவில்லை; காலையிற் புறப்பட்டுச் சென்று, பெருவழி ஓரத்து மரத்தடியில் அமர்ந்திருந்து மாலையில் திரும்புவான். கண்காணிப்பு நெறியை மீறினான் என்று எழுதினால் குழுமம் அவனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பவும் கூடும். அம்மையார் முதலில் அம்மரத்தடிக்குச் சென்றார். “தம்பி, அங்கே என்ன நடந்தது?” என்று கேட்டார். நெடுநேரம் வாய் திறவாதவன், பின்னர், பயிற்சியிடத்தில் ஒரு ஸ்பேனர் காணாமற் போனபோது பொறுப்பாளர் ஒருவர் பிற மாணவர்முன் தன்னை மட்டும் எழுப்பிப் பையைச் சோதித்ததாகக் கூறினான். ஸ்பேனர் மறுநாள் ஒரு மேசைக்கடியிற் கிடைத்தது. அவனிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அம்மையார் அந்நிலையத்துக்குச் சென்று மூடிய அறையில் அவ்வொருவரோடு பேசினார். அவர் என்ன கூறினார் என்பதனை யாம் அறியோம். அடுத்த திங்களன்று சிறுவன் மீண்டும் சென்றான். பயிற்சியிடத்திற்கு அவன் செல்லாத நாட்களையும் அதன் காரணத்தையும் அம்மையார் தம் அறிக்கையில் எழுதினார் என்று கேள்விப்பட்டோம். ஓராண்டு நிரம்பியபின் அவ்வழக்கு முடிந்தது. இத்தகைய சிறுவன் எதிர்காலத்தில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லும்போது பழைய குற்றம் தகுதியின்மையாகக் கருதப்படலாகாது எனவும், குறித்த காலத்தின்பின் பதிவுகள் அழிக்கப்படவேண்டும் எனவும் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதிக்கின்றது. பதினாறு நிரம்பியோர் இழைத்த கொடுங்குற்றங்கட்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. காகிதத்தில் உள்ளதை அழித்தல் எளிது. தெருவின் நினைவில் உள்ளதை அழிக்கும் அதிகாரம் எக்குழுமத்துக்கும் இல்லை.

ஆங்கிலத்தில் இவ்வேற்பாட்டுக்கு வழங்கும் புரோபேஷன் என்னும் பெயர், சோதித்தறிதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஓராண்டு சோதிக்கப்பட்டவன் அச்சிறுவன் என்றே யாவரும் கருதுவர். அவனை வேலைக்குக் கொள்ளத் துணியும் பட்டறை முதலாளி, வீட்டைக் காலிசெய்யுமாறு சொன்ன வீட்டுக்காரர், பையைச் சோதித்த பொறுப்பாளர், பாடம் சொன்ன யாம் ஆகிய அனைவருமே அவ்வோராண்டிற் சோதிக்கப்பட்டோம் என்பது எம் கருத்து. அலுவலர் எத்துணைத் திறமையாய் அறிக்கை எழுதினும், ‘இவனை ஏற்போர் யார்?’ என்னும் வினாவுக்கு விடையை அவர் தாமே படைத்தல் இயலாது. ஊரார்தாம் அளித்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் சட்டம் பயில்வீர்கள். சிலர் சமூகப்பணி பயின்று இவ்வலுவலிலேயே அமர்வீர்கள். சிறுவர் நலத்திலோ கல்வியிலோ ஏழாண்டு ஈடுபட்டோர் குழுமத்தின் உறுப்பினராகவும் தகுதி பெறுவர். அவ்வழிகளை நாடாதவரும் ஒருநாள் தலைமையாசிரியராகவோ, ஆலை மேற்பார்வையாளராகவோ, வீட்டுக்காரராகவோ இருப்பீர்கள். தோளிற் பையோடு ஓர் அம்மையார் உங்கள் வாயிலுக்கும் வருவார். ஒரு சிறுவனைக் குறித்துச் சில வினாக்கள் கேட்பார். அவருக்கு நாற்காலி இட்டு, அறிந்ததனை அறிந்தவாறே கூறி, இறுதியில், “அவனை என்னிடம் அனுப்புங்கள்” என்று சொல்லும் வாய்ப்பு நேருமாயின், அதனைக் கைவிடாதிருப்பீர்களாக.