பாட்டியின் பத்திரமும் மாமாவின் பாலமும்

உரைகல்லில் உரைத்துப் பார்த்த பிறகே எதையும் நம்புகிற ஊர் நமது வடசேரி. கோயில் நகை செய்யும் பொற்கொல்லர்கள் வாழும் ஊரில் காகிதத்துக்கு என்ன மதிப்பு? ஆயினும் நமது பாட்டியார், நகைப் பெட்டியில் சங்கிலிக்கு அடியே, திருவிதாங்கூர் சர்க்காரின் கடன் பத்திரம் ஒன்றைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

1949 ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி அந்த ராஜ்யமும் மறைந்து, நாம் சென்னை ராஜ்யத்தார் ஆனோம். ஊரே குதூகலித்தது. பாட்டியார் மட்டும், "கடன் வாங்கினவரே போயாச்சு, இனி வட்டி யாருலே தருவா?" என்று நம்மைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. பழைய சமஸ்தானத்தின் பொறுப்புகள் அதன் இடத்துக்கு வரும் சர்க்காரைச் சேரும் என்று அரசியல் சட்டத்தின் 295-வது ஷரத்து விதித்திருந்தது. 1956-ம் வருஷத்து ராஜ்யங்கள் புனரமைப்புச் சட்டமோ, பழைய கடன்களையும் ஒப்பந்தங்களையும் யார் ஏற்பது என்று தனித்தனியே வகுத்தது. மேலும், ராஜ்யக் கடனுக்கான வட்டி 202-வது ஷரத்தின்படி தொகுப்பு நிதியின் மேல் சுமத்தப்பட்ட செலவு; சட்டசபையார் அதைப் பற்றி விவாதிக்கலாம், வோட்டெடுத்துக் குறைக்க முடியாது. பாட்டியாருக்கு வட்டி தவறாமல் வந்தது. (அந்தத் தொகைக்குக் கிடைத்த அரிசி வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது வேறு கதை!)

கண்டிராக்டரான நமது மாமாவுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 1960-ல் மழையில் இடிந்த கால்வாய்ப் பாலம் ஒன்றை, "உடனே கட்டும் ஐயா, காகிதம் பின்னால் வரும்" என்ற ஓர் அதிகாரியின் வாய்ச் சொல்லை நம்பி அவர் கட்டி முடித்தார். பாலத்தின் மேல் வண்டிகள் போயின, காகிதம் வரவில்லை. சர்க்கார் ஒப்பந்தம் கவர்னர் பெயரால், அதிகாரம் பெற்றவர் மூலம் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 299-வது ஷரத்து. பொதுப் பணத்தைக் காக்க அப்படியொரு வேலி வேண்டியதுதான். ஆனால் கொத்தனார்களுக்கும் சிற்றாள்களுக்கும் கூலி கொடுக்க, மாமியின் வளையல்கள் வடசேரிக் கடைத்தெருவுக்கு அடகு வந்தன.

பிறகுதான் ஒரு வக்கீல் வழி சொன்னார். மேற்கு வங்க சர்க்காருக்கும் பி. கே. மண்டல் கம்பெனியாருக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பு 1962-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் வெளியாகியிருந்தது. இலவசமாகக் கருதாமல் செய்த வேலையை ஏற்றுப் பலன் அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்ற 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு, சர்க்காருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியிருந்தது. கடன் கொடுத்தவருக்குக் கோட்டையே கட்டித் தந்த சட்டம், கல் சுமந்தவருக்கு ஒரு திட்டிவாசல்தான் வைத்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

அந்தத் திட்டிவாசல் வழியாக மாமாவுக்குப் பாதிப் பணம் வந்தது. அன்று மாலையே வளையல்களை மீட்கப் புறப்பட்டார். தவணை தவறியதால் அவை எப்போதோ உருக்கப்பட்டு, யாருடைய அட்டிகையிலோ சேர்ந்துவிட்டிருந்தன.