பாதிரியாரும் நல்லிக் கரண்டியும்

மார்ச் 3
குன்னூர் பழைய சாமான் கடை. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்த சாமான்கள் வந்திருந்தன. உடைந்த லாந்தருக்கு அடியில் ஒரு பித்தளைக் கட்டை கிடந்தது. ஒரு சாண் நீளம், ஒரு முனையில் குமிழ்த் தலை, வழுக்காமல் பிடிக்க உடம்பெல்லாம் வரிக்கீறல். பெயரில்லை, முத்திரையில்லை. எடை போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.

“பூண்டு தட்டுறதுக்கா?” என்றாள் மனைவி. புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்றாள். இப்போது வேண்டாம் என்றேன்.

மார்ச் 4
அடிமுனையில் ஒரு திருகு மூடி. இறுகிப்போயிருந்தது. ராத்திரி தேங்காயெண்ணெய் விட்டு வைத்தேன், காலையில் திறந்துகொண்டது. மூடியோடு ஒட்டியபடி நீளமான, சுண்டுவிரலைவிட ஒல்லியான கரண்டி ஒன்று உள்ளேயிருந்து வந்தது. கரண்டி என்பதைவிடப் பாதியாகப் பிளந்த குழாய் என்பதே சரி.

நான் வைத்தியர் கருவி என்றேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இது நல்லி எலும்புக்குள்ள விட்டு மஜ்ஜையை எடுக்கிற கரண்டிங்க” என்றாள். சிரித்துவிட்டேன்.

மார்ச் 6
பாத்திரக்காரரிடம் கொண்டுபோனேன். கையில் தூக்கிப் பார்த்தவுடன் சொன்னார்: “தலைக்குள்ள காரீயம் ஊத்தியிருக்கு சார். சும்மா அழகுக்குப் பண்ணினது இல்ல, அடிக்கப் பண்ணினது.”

வெயிலில் திருப்பிப் பார்த்தேன். குமிழின் ஒரே பக்கத்தில்தான் சின்னச் சின்ன நசுங்கல்கள். கரண்டியிலும் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. எதையோ அடித்து, பிறகு எதற்குள்ளோ விட்டுத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். எதை?

மார்ச் 10
எமரால்டு பக்கம் ஒரு பெரியவர். அவருடைய அப்பா எஸ்டேட் துரைக்கு மீன்வலை தூக்கிப் போனவர். பார்த்ததும் பெரியவர் முகத்தில் சிரிப்பு.

“தம்பி, இதைப் பாதிரியார்னு சொல்வாங்க.”

தூண்டிலில் பிடித்த டிரவுட் மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஒரே போடாகப் போட்டு முடிக்கும் கட்டை இது. கடைசிச் சடங்கு செய்து வழியனுப்புவதால் ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் கேலியாக வைத்த பெயர். பிறகு மூடியைத் திருகிக் கரண்டியை எடுப்பார்கள். செத்த மீனின் வாய் வழியே இரைப்பை வரை விட்டு, அரைச் சுற்றுத் திருப்பி இழுப்பார்கள். வந்ததைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் அலசினால், மீன் அன்று எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். இறகும் நூலும் கட்டிய போலி ஈக்களில் அதற்கு ஒத்ததை எடுத்து அடுத்த வீச்சு. பெரியவர் வெறுங்கையில் அந்த அரைச் சுற்றைக் காட்டினார். தேய்ந்த விளிம்பின் கதை விளங்கிவிட்டது.

மார்ச் 11
இந்த மலைக்கு டிரவுட்டே வந்தேறிதான். 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். 1907இல் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இந்த ஓடைகளில் நிலைத்தது. மீன் பின்னால் பாதிரியாரும் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கரண்டிக்கு ஆங்கிலத்தில் பெயரே மஜ்ஜைக் கரண்டிதான். விருந்து மேசையில் நல்லி எலும்பு சுரண்டிய கரண்டியைத்தான் தூண்டில்காரர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். “அன்னைக்கே சொன்னேனே” என்றாள். சொன்னாள்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பெயர் தெரியாத பித்தளை ஏதாவது கிடக்கலாம். அது என்னவென்று தெரியும்வரை புளி போட்டுத் துலக்காதீர்கள். கறையும் நசுங்கலும்தான் அதன் முகவரி.