கயிறு தளரும்போது

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கால்நடைச் சந்தை கூடும். குதிரைகளுக்குப் பேர்போன சந்தை அது. திப்பு சுல்தானின் படைக்கே இங்கிருந்து குதிரை போனதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். காதுநுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நொக்ரா, நாட்டு மட்டக்குதிரை என்று வரிசை நீள்கிறது. வாங்க வருகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார்கள். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் நெரிகிறது. நான் தேடிப் போனது குதிரைக்கு நடை பழக்குகிறவர்களை.

இரைச்சலுக்குச் சற்றுத் தள்ளி, வேலமரத்துப் பக்கம் ஒரு பெரியவர் வேலையில் இருந்தார். அப்பா காலத்திலிருந்து குதிரைதான் பிழைப்பு. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம், மற்ற நாட்களில் அடுத்தவர் வாங்கிய குதிரையைப் பழக்கிக் கொடுப்பது. அன்று அவர் கையில் இருந்தது 3 வயதுப் பெட்டைக் குதிரை. முதுகில் இன்னும் யாரும் ஏறியதில்லை. தலைக்கயிற்றோடு ஒரு நீளக் கயிற்றை முடிந்து, நடுவில் நின்றுகொண்டு வட்டமாக நடத்திக்கொண்டிருந்தார்.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கையில ஒண்ணுமில்லீங்க. காலைப் பாருங்க அம்மணி” என்றார்.

பார்த்தேன். குதிரையின் பின்தொடைப் பக்கமாக அவர் ஓரடி வைத்தால் அது நடையைக் கூட்டியது. தோளுக்கு முன்புறமாக நகர்ந்தால் வேகம் குறைந்தது. இன்னும் அரை அடி முன்னே போனால் நின்றுவிட்டது. சத்தம் இல்லை, கயிற்றைச் சுண்டவும் இல்லை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி அதன் பார்வைக்குள் வருகிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும்தான் மறைவு. வேட்டைக்குத் தப்பி ஓடியே பிழைத்த விலங்குக்கு, பக்கத்தில் இருப்பவன் எந்தக் கோணத்தில் நிற்கிறான் என்பது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. மந்தைக்குள்ளும் ஒரு குதிரை இன்னொன்றை இப்படித்தான் நகர்த்துகிறது.

நடக்க நடக்க, உள்பக்கத்துக் காது அவர் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. வெளிக்காது மட்டும் தூரத்து மேளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. தலை தாழ்ந்தது, வாய் வெறுமனே மென்றது. உடனே அவர் பார்வையைத் தரைக்கு இறக்கி, தோளைச் சற்றே திருப்பிக்கொண்டார். கயிறு தொய்ந்து மண்ணைத் தொட்டது. குதிரை தானாகவே உள்ளே வந்து அவர் முழங்கையருகே நின்றது.

“அது ஒரு அடி குடுத்தா நாமளும் உடனே ஒரு அடி குடுக்கோணுமுங்க. நேரங்கழிச்சுக் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குத் தெரியாது” என்றார். இந்தத் தொழிலின் சாரமே இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைவிட, எந்த நொடியில் விடுகிறோம் என்பதில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது.

அடுத்து அவர் மகன் கயிற்றை வாங்கினான். பையன் தோள் இறுகியிருந்தது; குதிரையும் கழுத்தைத் தூக்கி விறைத்துக்கொண்டது. “மூச்சை விடு கண்ணு” என்றார் அப்பா. சொன்னது மகனுக்கு, இளகியது இருவரும்.

நம் உடம்பைக் குதிரை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதற்குப் பெர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் சாட்சி. கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கியது அது. கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் நிறுவினார். குளம்பைத் தட்டிக்கொண்டே வந்து, சரியான எண்ணில் எதிரே நிற்பவரின் தலை தன்னையறியாமல் அசைவதைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. ஏமாற்று என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது கணக்கைவிடப் பெரிய திறமையாகப் படுகிறது.

மந்தையின் தலைமை பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மந்தையை ஒரே குதிரை அடக்கி ஆள்கிறது, மனிதனும் அப்படி அடக்கினால்தான் அது பணியும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. மந்தைகளைக் கூர்ந்து கவனித்தவர்களோ, முதலடி எடுத்து வைப்பது எப்போதும் ஒரே குதிரை அல்ல என்று கண்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் இன்னொரு கொட்டகையில், ஆட்டம் பழக்குகிறோம் என்று ஒரு குதிரையை இருபுறமும் இறுக்கிக் கட்டி, மேளத்துக்கு ஏற்ப முழங்காலில் பிரம்பால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் வெள்ளை தெரிந்தது. வால் தொடையோடு ஒட்டியிருந்தது. கால்கள் தாளம் தப்பவில்லை. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். வலிக்குப் பயந்து தூக்கும் காலை ஆட்டம் என்று என்னால் ஏற்க முடியாது. கிறிஸ்துவுக்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கப் படைத்தலைவர் செனஃபன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் அடித்துப் பழக்குவதைக் கண்டித்துவிட்டார்.

சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களே, சுழியும் பல்லும் தாராளமாகப் பாருங்கள். கூடவே, கயிற்றைத் தளர்த்தி ஒரு வட்டம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வால் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பழக்கியவர் யார் என்று கேளுங்கள். அடிக்காமல் பழக்குகிறவருக்கு நாள் அதிகம் பிடிக்கும். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள்.